எது மேல நிக்கவேணும் எண்டு நான்தான் சொல்லவேணும்

14 அங்குல லப்டொப். ஸ்கேன் பண்ணின பழைய புத்தகம் ஒன்று பிடிஎஃப் ஆகத் திறந்திருக்கு. அதைப் பார்த்து வேர்டில் தட்டெழுதவேணும். இரண்டு வரி வாசிச்சு, வேர்டில் ஒரு கிளிக். புத்தகம் கீழே போய் மறைஞ்சிடும். ஆல்ட்-டாப். திரும்ப இரண்டு வரி. திரும்ப ஆல்ட்-டாப்.

அதே திரையின் மூலையில், நான் கேட்காத ஒரு அப்டேட் பெட்டி எல்லாத்துக்கும் மேல வந்து குந்திக்கொண்டு இருக்கு. எங்க கிளிக் பண்ணினாலும் அது அசையாது. எனக்குத் தேவையானது கீழ போகுது, தேவையில்லாதது மேல நிக்குது. என்ட பிரச்சினை இதுதான்.

இது தற்செயலா நடக்கிறதில்லை. விண்டோஸ் திறந்திருக்கிற விண்டோக்களை இரண்டு அடுக்காக வைத்திருக்கிறது. சாதாரண அடுக்கு ஒன்று, அதுக்கு மேல 'டொப்மோஸ்ட்' அடுக்கு ஒன்று. எந்த ப்ரோகிராமும் ஒரேயொரு கட்டளையில் தன்னைத்தானே மேல் அடுக்குக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் கதிரையில இருந்து வேலை செய்யிற மனுசருக்கு அந்தக் கட்டளையைக் குடுக்க டைட்டில் பாரில் ஒரு பட்டன்கூட இல்லை. 1985இல் வந்த முதல் விண்டோஸில் விண்டோக்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றன. ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும் வசதி 1987இல் இரண்டாவது பதிப்போடு வந்தது. இவ்வளவு காலம் போயும் எதை மேலே நிறுத்துவது எண்ட தெரிவு எங்கட கையில இல்லை.

செய்ய ஏலாத விசயமும் இல்லை. டாஸ்க் மனேஜரில் 'ஓல்வேய்ஸ் ஒன் டொப்' இருக்கு. கல்குலேட்டரில் இருக்கு. விஎல்சியில் படம் பார்த்தால் வீடியோ மெனுவில் இருக்கு. குரோமில் 2018இலிருந்து வீடியோவைத் தனியாகக் கழட்டி மேலே மிதக்கவிடலாம். படம் பார்க்கிறவருக்கு உள்ள வசதி வேர்டில் எழுதுகிறவருக்கு ஏன் இல்லை?

"திரையைப் பாதி பாதியாகப் பிரிக்கலாம்தானே" எண்டு கேட்பினம். இரண்டு மொனிட்டர் வைச்சிருக்கிறவை சொல்லுற கதை இது. சின்னத் திரையைப் பிரிச்சால் ஸ்கேன் பக்கத்தின் எழுத்து எறும்பு மாதிரித் தெரியும், வேர்டும் ஒடுங்கிப்போகும். எனக்கு வேண்டியது நாலு வரி தெரியிற ஒரு சின்னத் துண்டு, முழு வேர்டுக்கும் மேல.

இன்னொரு வாதமும் இருக்கு. எல்லாரும் மேல வந்தால் யார் மேல? இரண்டு ப்ரோகிராம் ஒரே நேரத்தில் 'நான்தான் மேல' எண்டு நிண்டால் என்ன செய்யிறது? நல்ல கேள்வி. ஆனால் அதைக் கேட்கவேண்டியது ப்ரோகிராம்களிடம். இரண்டு ப்ரோகிராமுக்கும் ஒன்றையொன்று தெரியாது, அதனால் அடிபடும். திரைக்கு முன்னால் இருக்கிற ஆள் ஒருவர்தான். அவர் இரண்டை மேலே வைத்தால் எது முக்கியம் எண்டு அவருக்கே தெரியும். அவரிடம் குடுக்காமல் ப்ரோகிராம்களிடம் குடுத்ததுதான் பிழை.

லினக்ஸ்காரர் இதை எப்பவோ தீர்த்திட்டினம். க்னோமில் டைட்டில் பாரை ரைட் கிளிக் பண்ணினால் 'ஓல்வேய்ஸ் ஒன் டொப்' வரும், எந்த விண்டோவுக்கும். கேடிஈயில் 'கீப் அபவ் அதர்ஸ்'. காசும் இல்லை, தனி இன்ஸ்டோலும் இல்லை.

மைக்ரோசொப்டும் ஒரு வழி தந்திருக்குத்தான். பவர்டோய்ஸ் எண்ட இலவசத் தொகுப்பைப் போட்டால் விண்டோஸ்-கொன்ட்ரோல்-டி அமத்தின விண்டோ மேலேயே நிற்கும். சொந்த லப்டொப் வைச்சிருக்கிறவை இண்டைக்கே போடுங்கோ. ஆனால் கம்பஸ் லாபிலயோ நெட் கபேயிலயோ இருந்து வேலை செய்யிற பிள்ளை என்ன செய்யும்? அங்க எதையும் இன்ஸ்டோல் பண்ண விடமாட்டினம். அடிப்படை வசதியைத் தனிப் பொதியாக வைத்தால், அது இருக்கிறதே தெரியாதவைக்கு அது இல்லாத மாதிரித்தான்.

ஆகவே இரண்டு விசயம் கேட்கிறன். ஒன்று, ஒவ்வொரு விண்டோவின் டைட்டில் பாரிலும் அந்தப் பட்டன் வரவேணும். மற்றது, எந்த ப்ரோகிராமாவது மேலே ஏறப் பார்த்தால் முதலில் என்னட்டைக் கேட்கவேணும். கமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கேட்கிற காலத்தில் என்ட திரையின் மேற்பரப்புக்கும் கேட்டால் என்ன குறைஞ்சா போகும்?