வாயில் வைத்து வளர்க்கும் மீன்கள்

கடலூர் துறைமுகத்தில் மீன் ஆய்ந்து தரும் பெண்களுக்கு இது பழகிய காட்சி. முட்டைப் பருவத்தில் பிடிபட்ட பெரிய கெளுத்தியின் வாயைத் திறந்தால், சில சமயம் உள்ளே கோலிக்குண்டு அளவில் முட்டைகள் உருளும். மீன் விழுங்கிய இரை என்று வாங்க வந்தவர் நினைத்துக்கொள்வார். “இரை இல்லப்பா, அதோட பிள்ளைங்க” என்று சொல்லிவிட்டுக் கத்தியை நகர்த்துவார்கள் அந்த அக்காமார்கள். அவர்கள் சொல்வது சரி. அதைவிட வியப்பானது, அந்தப் பிள்ளைகளைச் சுமப்பது தகப்பன் என்பது. பெண் இட்ட முட்டைகளை ஆண் கெளுத்தி வாயில் வாங்கிக்கொள்கிறது. அவை பொரிந்து, குஞ்சின் வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கரு தீரும்வரை, வாரக்கணக்கில் அது கிட்டத்தட்டப் பட்டினிதான்.

இதே அதிசயத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைப் பூர்வீகமாகக் கொண்ட சிக்லிட் மீன்களை வளர்த்தால் போதும். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் சந்தையிலிருந்து பாலிதீன் பைகளில் ஆக்சிஜன் அடைத்து நம் கடலூர் மாவட்டக் கடைகளுக்கு வந்துவிடுகின்றன. மஞ்சளாக இருக்கும் ‘எல்லோ லேப்’தான் எளிதில் கிடைப்பது. இவற்றில் சுமப்பவள் தாய். கடலோரத்து போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், பருப்பு வேகாது என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். மலாவி மீன்களுக்கு அப்படிப்பட்ட கடினமான நீர்தான் பிடிக்கும். நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டரும் பெரும்பாலும் வேண்டியதில்லை.

முட்டையிடும் நேரம் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். ஆணும் பெண்ணும் ஒரு கல்லின் மேல் வட்டமடிக்கும். பெண் ஒன்றிரண்டு முட்டைகளை இட்டதும் திரும்பி அவற்றைக் கவ்விக்கொள்ளும். முட்டையை இவ்வளவு அவசரமாக வாய்க்குள் எடுத்துக்கொண்டால் அது கருவுறுவது எப்போது? பல இனங்களில் ஆணின் அடித்துடுப்பில் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அதையும் முட்டை என்று எண்ணிப் பெண் கொத்தப்போகும்போது ஆண் தன் விந்தை வெளியிட, கருவுறுதல் அவள் வாய்க்குள்ளேயே நடந்துவிடுகிறது. இந்த விளக்கத்தை 1962இல் எழுதியவர் வோல்ஃப்காங் விக்லர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர். பிறகு வந்தவர்கள் இதில் சிலவற்றை மறுத்தும் திருத்தியும் எழுதியிருக்கிறார்கள். தொட்டியின் முன்னால் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அந்த நாடகம் மட்டும் அப்படியேதான் நடக்கிறது.

அதற்குப் பிறகு சுமார் மூன்று வாரம் தாய் வாயை முழுதாகத் திறக்காது. தாடை கீழே உப்பியிருக்கும், இரை போட்டால் ஒதுங்கிப் போகும். “மீனுக்குச் சீக்கு போலிருக்கு சார், சாப்பிட மாட்டேங்குது” என்று பக்கத்துத் தெருப் பையன்கள் ஓடிவருவது இந்த நாட்களில்தான். சீக்கு இல்லை. கூர்ந்து பார்த்தால் அது எதையோ மென்றுகொண்டே இருப்பதுபோல் தெரியும். முட்டைகளை ஓயாமல் புரட்டிக்கொண்டிருக்கிறது. புரளாத முட்டைக்குப் பிராணவாயு சரியாகக் கிடைக்காது. அசையாமல் கிடந்தால் பூஞ்சை பிடித்து வெள்ளையாகிவிடும். மென்று மென்று கழுவுவதும் காற்றூட்டுவதும் ஒரே அசைவில் நடக்கின்றன.

இங்கேதான் நம் கை குறுக்கே நீளுகிறது. முதல் தடவை சுமக்கும் தாய் முட்டைகளை விழுங்கிவிடுவது உண்டு. மற்ற மீன்கள் விரட்டினாலும் துப்பிவிடும். அந்தப் பயத்தில் பலர் இரண்டாம் நாளே தாயைப் பிடித்து வாயைத் திறந்து முட்டைகளை எடுத்துவிடுகிறார்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தொட்டித் தண்ணீரை ஊற்றி, ஏர் பம்பின் குழாயை உள்ளே விட்டு, மெல்லிய குமிழிகளால் முட்டைகளை உருட்டுவார்கள். காற்று அதிகமானால் முட்டை அடிபட்டுச் சிதையும், குறைந்தால் அடியில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெள்ளையானதை அன்றன்றைக்கே பொறுக்கி எடுக்க வேண்டும், பூஞ்சையைத் தடுக்க மெத்திலீன் ப்ளூ மருந்து ஓரிரு துளி விட வேண்டும். இதைத் திறமையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வாயில் சுமக்கும் இன்னொரு மீனான திலேப்பியாவின் குஞ்சு பொரிப்பகங்களில் தொழிலே இதுதான்: தாயின் வாயிலிருந்து முட்டைகளைச் சேகரித்து, நீர் ஓடும் ஜாடிகளில் பொரிக்கவைக்கிறார்கள்.

ஆனால் வீட்டில் வளர்ப்பவருக்கு நான் சொல்வது வேறு. தாயிடமே விட்டுவிடுங்கள். அதைத் தனியாக ஒரு சிறு தொட்டிக்கு மாற்றி, ஒளிந்துகொள்ள ஒரு பானைத் துண்டைப் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்தால் போதும். அது மிகவும் மெலிந்து போனால் மட்டும், இரண்டு வாரம் கடந்த பிறகு குஞ்சுகளை எடுக்கலாம். அப்போது அவற்றுக்குத் தலையும் வாலும் வந்து, வயிற்றில் மஞ்சள் கருப் பை சுருங்கியிருக்கும், பிழைப்பது எளிது. கையை நனைத்துக்கொண்டு தாயைப் பிடித்து, தலை கீழாகத் தண்ணீருக்கு மேல் வைத்து, கீழ்த்தாடையை மெதுவாக இறக்கினால் குஞ்சுகள் தாமாக விழும். மஞ்சள் கரு தீர்ந்ததும் புதிதாகப் பொரித்த ஆர்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறால் குஞ்சுகளையோ நன்றாகப் பொடித்த தீனியையோ கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம்.

தாயின் மேல் நான் வைக்கும் நம்பிக்கைக்கு நம் மாவட்டமே காரணம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, பல ஊர்களில் கரண்ட் திரும்பப் பல நாள் பிடித்தது. ஏர் பம்பை நம்பிய பாட்டில் முட்டைக்கு அப்படிப்பட்ட இரவில் கதி இல்லை. தாயின் வாய்க்கு மின்சாரம் வேண்டாம்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். வாயில் வைத்து வளர்க்கும் இந்தத் திறமை தொட்டிக்குள் எவ்வளவு அழகோ, ஏரிக்குள் அவ்வளவு ஆபத்து. காட்டுமன்னார்கோவில் பக்கம் கூடையில் வரும் ஜிலேபி மீனைப் பாருங்கள். அதுவும் ஆப்பிரிக்க சிக்லிட்தான், மொசாம்பிக் திலேப்பியா. மலிவான புரதம் கிடைக்கும் என்ற நல்ல எண்ணத்தோடு 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழை வீட்டுக் குழம்புக்கு அது உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டின் அமராவதி நீர்த்தேக்கம் போன்ற இடங்களில் அது மற்ற மீன்களை ஓரங்கட்டிப் பெருகியது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இன்று அதன் பெயர் இருக்கிறது.

ஏன் பெருகியது? ஆண் ஏரியின் கரையோரச் சேற்றில் வட்டக் குழி தோண்டும். பெண் அங்கே முட்டையிட்டு, நூற்றுக்கணக்கில் வாயில் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். கெண்டையும் விராலும் வெளியில் விடும் முட்டைகளுக்கு நேரும் சேதம் இதற்கு நேர்வதில்லை. நீந்தத் தொடங்கிய குஞ்சுகள்கூட ஆபத்து வந்தால் சில நாள்வரை தாயின் வாய்க்குள் திரும்பி ஓடிவிடும். நெருக்கமான குளத்தில் சில மாத வயதிலேயே, உள்ளங்கை அளவுக்குக்கூட வளராமல், முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. நன்னீர், உப்பு நீர் இரண்டும் அதற்குச் சம்மதம் என்பதால் வெள்ளாற்று முகத்துவாரமும் அதற்குத் தடை இல்லை.

நம் மண்ணுக்கே உரிய சிக்லிட் மீன்களும் இருக்கின்றன. கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடுவது அதில் ஒன்று. நம் கழிமுகங்களிலும் வாழ்கிறது. அது வாயில் சுமப்பதில்லை. கல்லிலோ கட்டையிலோ முட்டைகளை ஒட்டிவிட்டு, தாயும் தகப்பனும் விசிறிக் காவல் நிற்கும். முட்டை வெளியே இருக்கிறது, குழி தோண்டுகிற, முட்டை திருடுகிற ஜிலேபி பக்கத்திலேயே இருக்கிறது என்றால் அந்தக் காவல் எவ்வளவு நாள் தாங்கும்?

வீட்டுத் தொட்டியில் ஒரு சோடி நன்றாகப் பழகிவிட்டால் வருடத்துக்குப் பல முறை குஞ்சுகள் வரும். விரைவில் இடம் போதாது. அப்போது “பாவம், உயிரோடு விட்டுவிடலாமே” என்று தோன்றும். இரக்கத்தில் எழும் அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். வீராணத்திலோ, கெடிலத்திலோ, பிச்சாவரத்து வாய்க்கால்களிலோ, கோயில் குளங்களிலோ தொட்டி மீன் ஒன்றைக்கூட விடாதீர்கள். மிஞ்சும் குஞ்சுகளை மீன் கடைக்காரரிடமோ, வளர்க்க ஆசைப்படும் நண்பரிடமோ கொடுங்கள். கொடுக்க ஆள் இல்லையென்றால், ஆணையும் பெண்ணையும் தனித்தனித் தொட்டியில் வைத்துவிடுங்கள்.