மூன்று நாள் முகாமும் முன்னோர் மொழியும்

ஆண்டின் இறுதியில் நம் பள்ளிகள் மூடுகின்றன. நவம்பர்த் திங்களின் பிற்பகுதி தொடங்கி டிசம்பர் முடியும்வரை பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை. குளிர்நாடுகளில் பனி பொழியும் அப்பருவத்தில் இத்தீவில் வடகிழக்குப் பருவமழை பொழிகின்றது. அவ்வேளையில்தான் தேவாலயங்கள் பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுவரையுள்ள சிறாரை ஒன்றுகூட்டி, வார இறுதித் தியான முகாம்களை நடத்துகின்றன. தீவுக்குள்ளேயே நடப்பவை சில. ஜொகூருக்கும் போர்ட் டிக்சனுக்கும் எல்லை கடந்து செல்பவை சில. தேர்வும் துணைப்பாட வகுப்பும் ஓய்ந்த நாள்களில் பிள்ளைகளை நகரின் இரைச்சலினின்று பிரித்து, இறைவனைப் பற்றியும் தம்மைப் பற்றியும் எண்ணச் செய்யும் இம்முயற்சி போற்றத்தக்கது. அதைக் குறைகூற நான் எழுதவில்லை.

நான் குறைகூறுவது ஒன்றே. தமிழ்ச் சபைகள் தம் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று நடத்தும் முகாம்கள் பலவற்றிலும் தமிழுக்கு இடமில்லாமற் போயிற்று. வரவேற்பு ஆங்கிலத்தில், விளையாட்டு ஆங்கிலத்தில், குழுக் கலந்துரையாடல் ஆங்கிலத்தில், இரவில் விளக்கணைக்குமுன் சொல்லும் மன்றாட்டும் ஆங்கிலத்தில். இறுதி நாளில் பெற்றோர் வரும்போது மட்டும் ஒரு தமிழ்ப் பாடல் பாடப்படும். அதன் வரிகளும் திரையில் ஆங்கில எழுத்துகளிலேயே தோன்றும். ஆறாண்டுகள் தமிழ் எழுத்தைக் கற்று, தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் தமிழ்த்தாளும் எழுதிய பிள்ளைக்கு நாம் செய்யும் மரியாதை இதுதானா?

இந்நகரின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். 1887ஆம் ஆண்டில் சோபியா பிளாக்மோர் என்னும் ஆஸ்திரேலிய மெதடிஸ்ட் ஊழியர், சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது இந்தியச் சிறுமியரைக் கொண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் தமிழ்ப் பெண்கள் பள்ளி. இன்று புகழுடன் விளங்கும் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் விதை அதுவே. அடுத்த ஆண்டு, 1888இல், ஓஃபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென லூர்து மாதா ஆலயம் எழுந்தது. கடல் கடந்து வந்த தமிழருக்குத் தமிழிலேயே இறைவனைக் காட்ட வேண்டும் என்பதில் அந்நாளையோர்க்கு ஐயம் இருந்ததில்லை.

இன்னும் பின்னே செல்லின், தமிழும் திருச்சபையும் எத்துணை நெருங்கி வளர்ந்தன என்பது புலனாகும். தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல், 1578இல் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’. அது ஒரு சமயப் பாலபாடம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர், திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு தாமும் ஒரு சிறுவராய் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். பத்தாண்டு கழியுமுன் அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு தமிழில் அச்சாயிற்று. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர், சைவத்தின் பொருட்டு அவர்தம் சமயத்தோடே வாதாடிய ஆறுமுக நாவலர். சமயத்தால் மாறுபட்டோரும் மொழியால் ஒன்றுபட்டு நின்ற காலம் அது. அயல்நாட்டார் ஒருவர் மணலில் அமர்ந்து கற்ற மொழியை, அம்மொழிக்கு உரிய வீட்டில் பிறந்த பிள்ளையால் மூன்று நாள் பேச இயலாது என்று நாமே முடிவு கட்டுவது விந்தையிலும் விந்தை.

“பிள்ளைகளுக்குத் தமிழ் புரிவதில்லை, புரியாத மொழியில் நற்செய்தி சொல்லிப் பயன் என்ன?” என்பர் முகாம் நடத்துவோர். அவர்கள் நோக்கம் தூயது. ஆனால் நோயை அறிந்தவர்கள் அல்லர். பிள்ளைக்குப் புரியாதது தமிழன்று. நம் பழைய சபைத்தமிழ். இரட்சிப்பு, ஸ்தோத்திரம், சுத்திகரிப்பு என அடுக்கிக்கொண்டே போனால் பதின்மூன்று வயதுச் சிறுவன் விழிக்கத்தான் செய்வான். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அவனுக்கு விளங்கும் நடையிலேயே உள்ளது. சொல் கடினமாயின் சொல்லை மாற்றுக, மொழியையே மாற்றுவானேன்?

“மொழி பெரிதன்று, இறைவன் எல்லா மொழியும் அறிவான்” என்பர் வேறு சிலர். உண்மை. இறைவன் எல்லா மொழியும் அறிவான், பாட்டி அறியாள். அவள் நோயுற்றுப் படுத்திருக்கும் நாளில் பேரன் கட்டிலருகே நின்று அவளுக்காக மன்றாட வேண்டும். அவன் சொல்லும் சொல் அவள் செவியில் ஏறி, நெஞ்சில் இறங்க வேண்டும். ஆங்கிலத்தில் அழகாக மன்றாடக் கற்ற பேரன் அன்று ஊமையாய் நிற்பான். பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே செய்தியைக் கேட்டனர் என்று திருத்தூதர் வரலாறு கூறுகின்றது. மொழி பெரிதன்று எனின், அவ்வற்புதம் நிகழ்ந்திருக்க வேண்டியதில்லையே!

“அவ்வாறாயின் இன்றைய பிள்ளையின் சொந்த மொழி ஆங்கிலம் அன்றோ?” என்று மறுப்பாருளர். எதிர்வாதங்களுள் வலியது இதுவே. கணக்கும் அவர்கள் பக்கமே நிற்கின்றது. வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசும் குடியிருப்பாளர் 2010இல் நூற்றுக்கு 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் அதே பத்தாண்டில் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காடாக ஏறியது. ஆங்கிலத்தின்மேல் எனக்குப் பகையில்லை. பல்லினம் கூடிவாழும் இக்குடியரசில் அது நம் பொதுமொழி. சோறு தரும் மொழி. ஆனால் நீர்மட்டம் தாழ்கின்றது என்பதை அறிந்தவன் மடையை அடைப்பானா, அகலத் திறப்பானா? வீட்டில் தமிழ் தேய்கின்றது என்பது முகாமில் தமிழை விலக்குவதற்குக் காரணமாகாது. அதைக் காப்பதற்கே காரணமாகும்.

ஆசிரியத் தொழிலில் நாள்களைக் கழித்தவன் என்னும் முறையில் ஒன்று சொல்வேன். வகுப்பறையில் ஆசிரியர் ஒரு படத்தைக் காட்டி, “இதில் என்ன காண்கிறாய்?” என்று வினவுகிறார். அவருக்கும் அது தெரியும். அவருக்குத் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். மதிப்பெண்ணுக்காகவே விடை சொல்கிறான். முகாமில் அவ்வாறில்லை. சாம்பாரில் உப்பில்லை என்றால் உண்மையிலேயே உப்பில்லை. நண்பன் கோபித்துக்கொண்டான் என்றால் உண்மையிலேயே சமாதானம் சொல்ல வேண்டும். தேவை பிறக்கும் இடத்தில்தான் மொழி பிறக்கும். ஓராண்டு வகுப்பு தராத பேச்சுத் துணிவை மூன்று நாள் கூட்டுவாழ்வு தந்துவிடும்.

அதனினும் ஆழமானது ஒன்றுண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயது உள்ளம் புரளும் வயது. அச்சம், நாணம், பொறாமை, மன்னிப்பு ஆகியவற்றுக்குப் பிள்ளை சொல் தேடும் வயது. அச்சொற்கள் யாவும் ஆங்கிலத்திலேயே அவனுக்கு வாய்க்குமாயின், தமிழ் அவனுக்கு என்னவாக எஞ்சும்? தேக்காச் சந்தையில் காய்கறி வாங்கவும் தேர்வுத்தாளில் கட்டுரை எழுதவும் உதவும் மொழியாகவே எஞ்சும். நெஞ்சோடு பேசாத மொழி நெடுநாள் வாழாது.

இப்பணியைப் பள்ளி செய்யட்டும் எனின், பள்ளியால் இயலாது. 1984இல் உயர்நிலைப் பள்ளிகளில் சமய அறிவு கட்டாயப் பாடமாக்கப்பட்டது. சமயங்களுக்கிடையே போட்டியும் மதமாற்ற ஆர்வமும் கூர்மையடைவதைக் கண்ட அரசு, 1989இல் அக்கட்டாயத்தைக் கைவிட முடிவு செய்தது. பல சமயத்தார் வாழும் நாட்டில் அது தக்க முடிவே. அதன் பொருள் யாது? பள்ளி தமிழைக் கற்பிக்கும், பக்தியைக் கற்பிக்காது. இரண்டையும் ஒரே நெஞ்சில் இணைக்கும் பொறுப்பு வீட்டுக்கும் வழிபாட்டிடத்துக்குமே உரியது. அவ்விடமும் கைவிட்டால் வேறு புகலிடம் ஏது?

செய்ய வேண்டியவை அரியன அல்ல. முகாமின் எல்லா மணிநேரமும் தமிழாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உணவு வேளை, விளையாட்டு, இரவு மன்றாட்டு இம்மூன்றும் தமிழில் நடக்கட்டும். சமைக்கவும் கதை சொல்லவும் தாத்தா பாட்டியர் சிலரை உடன் அழைத்துச் செல்க. குழுத்தலைவர்களாகிய இளைஞர்க்கு ஒரு மாதம் முன்பே தமிழில் பேசிப் பழக வாய்ப்பளிக்க. பிற இனத்து நண்பர் வந்தால் அருகிலிருக்கும் தமிழ்ப் பிள்ளையே மொழிபெயர்த்துச் சொல்லட்டும். விருந்தோம்பலும் மொழிப்பயிற்சியும் ஒருங்கே நடக்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, பிழையைக் கண்டு நகைக்காதீர். ‘அவன் வந்தாள்’ என்று ஒரு பிள்ளை தட்டுத்தடுமாறிச் சொன்னால் வந்தவனை வரவேற்போம். இலக்கணத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம். தமிழாசிரியர்களாகிய நாமும் அங்கே சிவப்பு மையோடு செல்லலாகாது.

இது கிறித்தவர்க்கு மட்டும் சொன்னதன்று. கோயில்களின் சமய வகுப்புகளுக்கும் தமிழ் முஸ்லிம் அமைப்புகளின் விடுமுறை நிகழ்ச்சிகளுக்கும் இது பொருந்தும். 1946இல் கடையநல்லூர் முஸ்லிம்கள் நிறுவிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி எல்லாச் சமயப் பிள்ளைகளுக்கும் தமிழைத் தந்தது. அவ்வள்ளன்மைக்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

ஏப்ரல் திங்களில் தமிழ்மொழி விழா எடுக்கின்றோம். மேடைதோறும் தமிழ் வாழ்க என முழங்குகின்றோம். ஏப்ரலில் மேடையேற்றிய மொழியை டிசம்பர் முகாமுக்கு மட்டும் உடன் அழைத்துச் செல்ல மறுப்பது எவ்வகை நியாயம்? வரும் விடுமுறைக்கு நிகழ்ச்சிநிரல் வகுக்கும் சபைப் பெரியோரை ஒன்று கேட்டுக்கொள்வேன். பிள்ளைகளின் பையில் போர்வையும் விவிலியமும் இருக்கின்றனவா என்று பார்ப்பதுபோல், நிரலில் தமிழ் இருக்கின்றதா என்றும் பாருங்கள். இல்லையெனில், அச்சுக்கு அனுப்புமுன் சேர்த்துவிடுங்கள்.