சிவப்பு அங்கிக்காக எழுந்த கோபம்

1984 நவம்பர் 9-ஆம் நாள் அமெரிக்கத் திரையரங்குகளில் ‘சைலண்ட் நைட், டெட்லி நைட்’ என்னும் படம் வெளியாயிற்று. கிறிஸ்மஸ் தாத்தா வேடம் பூண்ட ஓர் இளைஞன் கோடரி கொண்டு மனிதரை வெட்டிச் சாய்க்கும் கதை. தொலைக்காட்சியில் அதன் விளம்பரத்தைக் கண்ட பெற்றோர் கொதித்தெழுந்தனர். நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் திரையரங்கின் முன் மறியல் நடந்தது. ஜீன் சிஸ்கல், ராஜர் ஈபர்ட் என்னும் புகழ்பெற்ற விமர்சகர்களின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், படத்தை ஆக்கியோரின் பெயர்களே வாசிக்கப்பெற்று, வெட்கப்படுமாறு சொல்லப்பட்டது. முதிய நடிகர் மிக்கி ரூனி கண்டனக் கடிதம் எழுதினார். டிரைஸ்டார் நிறுவனம் முதலில் விளம்பரத்தையும், பின்னர் படத்தையுமே திரும்பப் பெற்றுக்கொண்டது.

இதனைக் கிறிஸ்தவப் பெற்றோரின் வெற்றி என்று போற்றுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அந்தப் போராட்டம் சிவப்பு அங்கியின் மானத்தைக் காக்க எழுந்தது. அந்தக் கதையில் உண்மையாகவே இழிவுபடுத்தப்பட்ட ஒருவனை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் ஓர் அனாதைச் சிறுவன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கிறிஸ்மஸுக்கு முந்திய இரவில், தாத்தா வேடமிட்ட கொள்ளைக்காரன் ஒருவன் தாயையும் தந்தையையும் கொல்வதை ஐந்து வயதுப் பில்லி காண்கிறான். கைக்குழந்தையான தம்பி ரிக்கியோடு அவன் கன்னியர் நடத்தும் அனாதை இல்லத்தில் சேர்க்கப்படுகிறான். இல்லத் தலைவியோ அன்பென்பதையே அறியாதவர். தண்டனை ஒன்றே அவருடைய கல்விமுறை. பதினெட்டு வயதில் பொம்மைக் கடையில் வேலைக்குச் சேரும் பில்லிக்கு அதே தாத்தா வேடத்தை அணிவிக்கிறார்கள். அன்றிரவே அவன் கொலைகாரனாகிறான்.

இரண்டாம் பாகம் 1987 ஏப்ரல் 10-இல், குருத்து ஞாயிறுக்கு இரண்டு நாள்களுக்கு முன், வெளிவந்தது. கைக்குழந்தையாயிருந்த ரிக்கி இப்போது இளைஞன். மனநல மருத்துவமனையில் அமர்ந்து மருத்துவரிடம் அண்ணனின் கதையைச் சொல்கிறான். அவன் சொல்லச் சொல்ல முதற் படத்தின் காட்சிகளே மீண்டும் ஓடுகின்றன. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே குறைந்த படத்தில் ஏறத்தாழ நாற்பது நிமிடம் பழைய சரக்கு. பழைய படத்தையே வெட்டி ஒட்டிப் புதிய படமாக விற்றுவிடுவதுதான் தயாரிப்பாளரின் முதல் எண்ணம். இயக்குநர் லீ ஹேரியின் முயற்சியால்தான் புதிய காட்சிகள் சில நாள்களில் எடுத்துச் சேர்க்கப்பட்டன. கைக்குழந்தை கண்டிருக்க முடியாதவற்றையெல்லாம் ரிக்கி கண்ணாற் கண்டவன்போல் விவரிக்கிறான்! முடிவில் தப்பியோடி, தானும் சிவப்பு அங்கி அணிந்து, முதுமையுற்ற அந்தத் தலைவியின் தலையைத் துண்டிக்கிறான். அம்மையாரின் வீட்டு எண் 666 என்று காட்டுவதில் படத்தின் இறையியல் முழுவதும் அடங்கிவிடுகிறது.

கிறிஸ்மஸ் தாத்தா கோடரி ஏந்தியதற்காக நாம் வருந்தவில்லை. தாத்தா நம் விசுவாசப் பிரமாணத்தில் இல்லை. மீரா நகர ஆயர் புனித நிக்கோலாஸின் நினைவு, பல கை மாறி, கடைத்தெரு விளம்பரமாகி நெடுங்காலமாயிற்று. நம் பங்குகளிலும் பாடகர் குழுவோடு முகமூடியணிந்து அவர் வருகையில் சிரிக்கிற குழந்தைகளும் உண்டு, அலறி அழுகிற குழந்தைகளும் உண்டு. கிறிஸ்மஸில் இரத்தமே தென்படலாகாது என்பதும் நம் வாதமன்று. டிசம்பர் 26-இல் கல்லெறியுண்டு மாண்ட புனித முடியப்பரையும், 28-இல் ஏரோதின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகளையும் திருச்சபை நினைவுகூர்கிறது. குடிலின் அருகே இரத்தத்தை வைத்தது திருச்சபையே. ஆனால் அங்கே கொல்லப்பட்ட குழந்தையின் பக்கம் நின்று தாய்மாரின் அழுகையைக் கேட்கிறோம். இப்படங்களில் அழுகை கேட்பதில்லை. அடுத்த வெட்டு எவ்வாறு விழும் என்னும் ஆவல் ஒன்றே வளர்க்கப்படுகிறது.

இதனினும் பெரிய குற்றம் ஒன்றுண்டு. காயப்பட்ட குழந்தை கொலைகாரனாகியே தீரும் என்று முதற் படம் சொல்கிறது. அண்ணனுக்கு நேர்ந்தது தம்பிக்கும் நேர்ந்தே தீரும் என்று இரண்டாம் பாகம் சொல்கிறது. ரிக்கியைத் தத்தெடுத்து ஒரு தம்பதியர் வளர்க்கிறார்கள். அந்த அன்புக்குக் கதையில் எந்தப் பயனும் இல்லை. அவன் செவ்வண்ணத்தைக் கண்டால் போதும், கன்னியர் உடையைக் கண்டால் போதும், விசையை முடுக்கிய பொம்மைபோல் ஆகிவிடுகிறான். மனித உரிமையும் இல்லை, இறையருளும் இல்லை. பிறப்பும் விபத்துமே ஒருவனின் முழு வரலாறு. பெற்றோரின் வினை பிள்ளையின் தலையில் விடிந்தே தீரும் என்ற பேச்சை எசேக்கியேல் இறைவாக்கினர் தம் நூலின் 18-ஆம் அதிகாரத்தில் மறுத்துரைக்கிறார். திரையரங்கின் முன் நின்றவர்கள் அந்த அதிகாரத்தைத் திறந்திருக்கலாம்.

கன்னியரைக் கொடியவராகக் காட்டியதே நமக்கு வலிக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. அயர்லாந்தில் துறவற சபைகள் நடத்திய குழந்தைகள் இல்லங்களைப் பற்றி 2009 மே மாதத்தில் வெளிவந்த ரையன் ஆணைய அறிக்கை, அங்கே அடியும் இழிவும் எத்துணை வழக்கமாயிருந்தன என்பதை ஆயிரக்கணக்கான பக்கங்களில் எழுதி வைத்துள்ளது. அத்தகைய இல்லத் தலைவியர் கற்பனையல்லர். அந்த உண்மையைப் படம் கையிலெடுத்த பின்னர் என்ன செய்கிறது என்பதே நம் கேள்வி. அயர்லாந்தின் பிள்ளைகள் வளர்ந்து ஆணையத்தின் முன் வந்து சாட்சி சொன்னார்கள், கோடரி எடுக்கவில்லை. படமோ அடிபட்ட பிள்ளையின் வேதனையைக் கொலைக்கு எரிபொருளாக்கி, அடிபட்டவனைப் பார்த்தே நாம் அஞ்சவேண்டும் என்று கற்பிக்கிறது. அனாதை இல்லத்தில் வளர்ந்த ஒருவர் இதைப் பார்த்தால் அவர் மனம் என்ன பாடுபடும்?

படத்தின் பெயரைக் கேலியாக எந்தப் பாடலிலிருந்து எடுத்தார்களோ அந்தப் பாடலின் ஆசிரியரையாவது அறிந்திருக்கலாம். 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃப் ஆலயத்தில் கிறிஸ்மஸுக்கு முந்திய இரவில் முதன்முதலாகப் பாடப்பெற்ற அப்பாடலை இயற்றியவர் ஜோசப் மோர் என்னும் இளங்குரு. 1792-இல் சால்ஸ்பர்க் நகரில் மணமாகாத ஏழைத் தாய்க்குப் பிறந்தவர் அவர். போர்வீரனான தந்தை அவர் பிறக்குமுன்னரே விட்டகன்றான். ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாகப் பெயர் தந்தவர் அந்நகரில் மரணதண்டனை நிறைவேற்றும் ஊழியர். இப்படக்காரர்களின் கணக்குப்படி அந்தக் குழந்தை என்னவாகியிருக்க வேண்டும்! பேராலயக் குரு ஒருவர் அச்சிறுவனின் குரலைக் கவனித்துப் படிக்க வைத்தார். முறையற்ற பிறப்பினால் குருப்பட்டம் பெறவே அவருக்குத் தனி அனுமதி தேவைப்பட்டது. பிற்காலத்தில் வாக்ரைன் சிற்றூரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி எழுப்பி, 1848-இல் வெறுங்கையராய் இறந்தார்.

திரையரங்கிலிருந்து விரட்டப்பட்டதற்கு வீடியோ கடை புகலிடம் தந்தது. அங்கே மறியலும் இல்லை, ஊரறிந்த வெட்கமும் இல்லை. கேசட்டை வாடகைக்கு எடுத்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் போதும். மூன்றாம் பாகம் 1989-இல் நேரே வீடியோவுக்கென்றே வந்தது. 1991-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் நடித்தவர், கண்டனக் கடிதம் எழுதிய அதே மிக்கி ரூனி! 2003-இல் முதலிரண்டு படங்களும் டி.வி.டி.யாக வெளியிடப்பட்டபோது, 1984-இல் எழுந்த கண்டனங்களையே தொகுத்து, வேடிக்கையான கூடுதல் அம்சமாகத் தகட்டில் சேர்த்துவிட்டார்கள். சிவப்பு அங்கிக்காக எழுப்பிய கூக்குரல் விற்பனைச் சரக்காயிற்று. விளம்பரப் படத்தைப் பார்த்து எழுந்த கோபம் விளம்பரமாகவே முடிந்ததில் வியப்பில்லை.

இரண்டாம் பாகத்தில், குப்பைத் தொட்டியை வெளியே கொண்டுவரும் ஒருவரை ரிக்கி உரக்கக் கூவிக்கொண்டே சுட்டுக்கொல்லும் காட்சி இணையத்தில் உலகெங்கும் நகைப்புக்குரியதாகப் பரவியது. நடிப்பு அத்துணை மோசம் என்பதால் சிரிக்கிறார்கள், அதில் பொய்யில்லை. 2018-இல் அப்படத்தைப் புளூ-ரே தகடாக வெளியிட்டபோது ரிக்கியின் உருவப் பொம்மையையும் சேர்த்து விற்றார்கள். அண்ணன் வேலை செய்த பொம்மைக் கடைக்கே தம்பியும் விலைப்பொருளாக வந்து சேர்ந்துவிட்டான். அவனுக்காக ஒரு கடிதமேனும் இன்றுவரை எழுதப்பட்டதாக நாம் கேள்விப்படவில்லை.