எருதும் சிவப்புப் பூனையும் வேதியியல் ஆகுமா?



எசுபிஎம் தேர்வுக்கு ஆயத்தமாகும் நம் பிள்ளைகளின் வேதியியல் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்ததுண்டா? மின்வேதியியல் என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாகப் பெரும்பாலும் இருப்பது ‘ஆன் ஆக்ஸ், ரெட் கேட்’ என்னும் ஆங்கில மந்திரம். ஓர் எருதும் ஒரு சிவப்புப் பூனையும்! ஆனோடில் ஆக்சிஜனேற்றம், கேத்தோடில் ஒடுக்கம் என்பதை நினைவில் வைக்க இந்த விலங்குகள். அதற்குக் கீழே கட்டம் கட்டி, ‘பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழி’ என்றொரு கட்டளை. அதற்கும் கீழே பத்து வினாக்கள், பத்து விடைகள். பாடம் முடிந்தது.

இதைப் பாடம் என்று நான் ஏற்க மாட்டேன். இதற்குப் பணம் வாங்குகின்ற தனிப்பயிற்சி நிலையங்களையும், ‘புள்ளி வந்தால் போதும்’ என்று அமைதி காக்கும் நம்மையும் சேர்த்தே கேட்கிறேன்: இது பிள்ளைக்குச் செய்யும் நன்மையா?

“தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு ஐந்தாம் படிவ வேதியியலில் என்ன வேலை?” என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. உலர்மின்கலத்தையும் மின்விளக்கையும் கம்பியால் இணைத்து, “எங்கிருந்து வந்தது இந்த ஒளி?” என்று அந்தப் பிள்ளையிடம் முதன்முதலில் தமிழில் கேட்டவர்கள் நாங்கள்தாம். அன்று கண் விரியக் கேட்ட பிள்ளை, பதினேழு வயதில் “வேதியியல் எனக்கு வராது சார்” என்று சொல்லி ஒதுங்கும்போது, இடையில் என்ன நடந்தது என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

நினைவுக் குறிப்பு குற்றமன்று. கற்பித்த பிறகு அதைக் கொடுத்தால் அது கைத்தடி. கற்பிப்பதற்குப் பதிலாகக் கொடுத்தால் அது கால்விலங்கு. எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

1) ‘பெரியதிலிருந்து சிறியதைக் கழி’

துத்தநாகத்தின் தர மின்வாய் அழுத்தம் −0.76 வோல்ட்டு. செம்பின் அழுத்தம் +0.34 வோல்ட்டு. இவ்விரண்டையும் கொண்டு ஜான் டேனியல் 1836-இல் அமைத்த மின்கலம்தான் இன்றும் நம் பாடநூல்களில் இருக்கிறது. கழித்தால் 1.10 வோல்ட்டு. விடை சரி. பயிற்சி நிலையத்துக்கு மகிழ்ச்சி.

இப்பொழுது கேள்வியைச் சற்றே திருப்புவோம். செம்புத் துண்டைத் துத்தநாகச் சல்பேட்டுக் கரைசலில் இட்டால் வினை நிகழுமா? பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கப் பழகிய பிள்ளைக்கு இங்கும் +1.10தான் வரும், “நிகழும்” என்று எழுதிவிட்டு வருவான். உண்மையில் ஒன்றும் நிகழாது. ஏன்? இந்த வினையில் எலெக்ட்ரானை இழக்க வேண்டியது செம்பு. பெற வேண்டியது துத்தநாக அயனி. பெறும் பக்கத்தின் மதிப்பிலிருந்து இழக்கும் பக்கத்தின் மதிப்பைக் கழித்தால் −0.76 − 0.34 = −1.10. எதிர்க்குறி வந்தால் அந்தத் திசையில் வினை தானாக நடவாது. யார் கொடுப்பவர், யார் வாங்குபவர் என்று முதலில் கேட்க வேண்டும். கொடுக்கல் வாங்கல் தெரியாமல் கணக்கு மட்டும் போட்டால் இதுதான் கதி.

2) சுழியம் என்றால் இன்மையன்று

இந்த −0.76 என்பது எதைவிடக் குறைவு? பல பிள்ளைகளுக்கு இக்கேள்வியே புதிது. தனியொரு மின்வாயின் அழுத்தத்தை எவராலும் அளக்க முடியாது; இரண்டுக்கு இடையிலான வேறுபாட்டைத்தான் அளக்கலாம். ஆகவே ஒன்றை அடிக்கோடாக வைத்துக்கொண்டார்கள். அதுதான் தர ஹைட்ரஜன் மின்வாய். அதன் மதிப்பு 0.00 என்பது ஓர் ஒப்பந்தம். கினபாலு மலை 4,095 மீட்டர் என்கிறோமே, அது கடல்மட்டத்திலிருந்து அல்லவா? கடல்மட்டம் சுழியம் என்பதால் அங்கே ஒன்றுமே இல்லை என்று பொருளா? துத்தநாகத்தின் எதிர்க்குறியும் அப்படித்தான். அதன் அயனி, ஹைட்ரஜன் அயனியைவிடக் குறைந்த ஆவலோடு எலெக்ட்ரானை வாங்கும். அதனால் துத்தநாக உலோகம் எளிதாகக் கொடுத்துவிடும். இவ்வளவுதான் செய்தி. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நம் பிள்ளைகளுக்கு மறுக்கிறார்கள்.

3) பத்துமலைப் படிகள்

துத்தநாகமும் வெள்ளியும் சேர்ந்த மின்கலத்தில், துத்தநாகம் இரண்டு எலெக்ட்ரான்களை இழக்கும். வெள்ளி அயனி ஒவ்வொன்றும் ஒன்றுதான் பெறும். எனவே சமன்பாட்டில் வெள்ளியை இரண்டால் பெருக்குகிறோம். உடனே வெள்ளியின் +0.80 வோல்ட்டையும் இரண்டால் பெருக்கி 2.36 என்று எழுதும் பிள்ளைகள் பலர். சரியான விடை 0.80 + 0.76 = 1.56 வோல்ட்டு.

“பெருக்கக் கூடாது, மனப்பாடம் செய்துகொள்” என்று சொல்வது எளிது. காரணம் சொல்வதும் எளிதுதான். பத்துமலை முருகன் கோயிலுக்கு 272 படிகள். ஒருவர் ஏறினாலும் 272. தைப்பூசத்தன்று இலட்சம் பேர் ஏறினாலும் 272தான். ஆள் கூடினால் படி கூடுமா? மின்வாய் அழுத்தம் என்பது படியின் உயரம்; எத்தனை எலெக்ட்ரான் ஏறி இறங்குகிறது என்பது ஆள் கணக்கு. இதைக் கேட்ட தமிழ்ப் பிள்ளை மறப்பானா?

4) நேர்மின்வாய் என்னும் பொறி

இங்கே நம் தமிழ்க் கலைச்சொல்லையும் குறை சொல்லியாக வேண்டும். ஆனோடை ‘நேர்மின்வாய்’ என்றும் கேத்தோடை ‘எதிர்மின்வாய்’ என்றும் எழுதி வருகிறோம். மின்பகுப்புக் கலத்துக்கு இது பொருந்தும். ஆனால், டேனியல் மின்கலத்தில் ஆக்சிஜனேற்றம் நிகழும் துத்தநாகமே ஆனோடு, அதுவே எதிர்முனை! பெயரே பிள்ளையைப் பள்ளத்தில் தள்ளுகிறது.

மைக்கல் ஃபாரடே 1834-இல் ஆனோடு, கேத்தோடு என்ற சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, கிரேக்க மொழியில் ஏறும் வழி, இறங்கும் வழி என்ற பொருளில்தான் அமைத்தார். அதில் நேரும் இல்லை, எதிரும் இல்லை. நம் கைப்பேசி மின்கலத்தையே பாருங்கள். பயன்படுத்தும்போது எதிர்முனையில் ஆக்சிஜனேற்றம் நிகழ்கிறது. மின்னேற்றும்போது அதே முனையில் ஒடுக்கம் நிகழ்கிறது. முனையின் குறி மாறவில்லை. அது செய்யும் வேலை மாறிவிட்டது. ஆகவே ‘ஏற்றவாய்’, ‘ஒடுக்கவாய்’ என்று வினையை வைத்தே பெயரிட்டால் எருதும் வேண்டாம், பூனையும் வேண்டாம். தமிழறிந்த வேதியியலார் இதனைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டுகிறேன்.

5) கூரையும் பால் டின்னும்

மின்வேதியியல் தேர்வுத்தாளில் பிறந்து தேர்வுத்தாளில் மடிவது அன்று. தோட்டப்புற வீடுகளின் கூரையில் வேய்ந்த தகரம், துத்தநாகம் பூசிய இரும்பு. இரும்பின் அழுத்தம் −0.44. பூச்சில் கீறல் விழுந்தாலும், இரும்பைவிட எளிதாக எலெக்ட்ரானைக் கொடுக்கும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. தேநீருக்கு ஊற்றும் கெட்டிப்பால் டின்னோ வெள்ளீயம் பூசிய இரும்பு. வெள்ளீயத்தின் அழுத்தம் −0.14. அதில் கீறல் விழுந்தால் கதை தலைகீழ். இரும்புதான் முதலில் கொடுக்கும், விரைவில் துருவேறும். ஒரே வீட்டில், ஒரே இரும்பு, இரண்டு விதி!

அப்படியானால் −1.66 கொண்ட அலுமினியச் சட்டி ஏன் கரைந்துபோகவில்லை? அதன் மேல் இறுகப் படிந்த ஆக்சைடுப் படலம் தடுக்கிறது. ஆக, மின்வாய் அழுத்தம் ‘நடக்கக் கூடுமா’ என்பதைச் சொல்லும். ‘எவ்வளவு விரைவாக நடக்கும்’ என்பதைச் சொல்லாது. சமையலறையிலேயே இருக்கும் இந்தப் பாடத்தை எந்தக் குறுக்குவழிக் குறிப்பேடு சொல்கிறது?

மறுப்புகளுக்கு மறுமொழி

“தேர்வுக்கு நேரமில்லை” என்பார்கள். தேர்வே மாறிவிட்டதை இவர்கள் கவனிக்கவில்லை. 2021-இல் ஐந்தாம் படிவத்துக்கு வந்த கே.எசு.எசு.எம். பாடத்திட்டம், உலோகங்களின் வரிசையை ஒப்பிப்பதோடு விடாமல் தர மின்வாய் அழுத்தத்தையே பாடமாக வைத்திருக்கிறது. சிங்கப்பூரின் ஏ நிலைத் தேர்விலோ மதிப்புகள் அடங்கிய தரவேட்டைக் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். எண்ணைக் கையில் கொடுத்துவிட்டுப் பொருளைக் கேட்கும் தேர்வுக்கு, எண்ணை மனப்பாடம் செய்து என்ன பயன்?

“தமிழில் விளக்கினால் தேர்வில் எழுத முடியாது” என்பார்கள். எழுதுவது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். விளங்குவது எந்த மொழியில்? 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009-இல் வந்தது. 2016-இல் இருமொழித் திட்டம் வந்தது. இத்தனை மாற்றங்களுக்கு நடுவே நம் பிள்ளை மூன்று மொழிகளில் சொற்களைச் சுமக்கிறான். மலாயில் உப்புப்பாலத்துக்குத் ‘தித்தியான் காரம்’ என்று பெயர். மலாயில் உப்பு என்று பொருள்படும் சொல், தமிழ்ப் பள்ளியில் அமிலத்துக்கு எதிரான ‘காரம்’ படித்துவிட்டு வந்த பிள்ளையின் காதில் எப்படி விழும்? யாராவது ஒருவர் நின்று விளக்க வேண்டாவா? அந்தப் பாலத்தின் வழியே எலெக்ட்ரான் போவதில்லை, அது கம்பி வழியே போகிறது, பாலத்தில் போவது அயனிகள்தாம், இரு கரைசல்களிலும் மின்சுமை சமன்குலையாமல் காப்பதே பாலத்தின் வேலை என்று தாய்மொழியில் ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு எந்த மொழியிலும் எழுதுவான்.

“எல்லாப் பிள்ளைகளுக்கும் இது விளங்காது” என்பது மூன்றாவது மறுப்பு. மூன்றிலும் கொடியது இதுதான். விளக்கிப் பார்க்காமலே விளங்காது என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். விளங்காத பாடத்தைப் பிள்ளை தன் குறையாகவே எடுத்துக்கொள்கிறான். மருத்துவம், பொறியியல், மருந்தியல் என்ற கதவுகள் எல்லாம் வேதியியல் என்னும் முன்வாசலைத் தாண்டித்தான் இருக்கின்றன. அந்த வாசலிலேயே பூனையைக் குறுக்கே ஓடவிட்டுத் திருப்பி அனுப்புவது யார்?

பெற்றோர்களே, பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுமுன் உங்கள் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “துத்தநாகம் ஏன் கரைகிறது? செம்பு ஏன் கரையவில்லை?” எண்ணைச் சொன்னால் போதாது, காரணத்தைத் தமிழில் சொல்லட்டும். சொல்லத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கடியாதீர்கள். கற்பித்தவரிடம் போய்க் கேளுங்கள்.

கேட்போமா?