மால் வரட்டும், தெரு எங்கே? – கூரம் செப்பேடு சொல்லும் 1,300 ஆண்டுப் பாடம்

காஞ்சிபுரத்தை ஒட்டி, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலைக்கு அருகே இருக்கிறது கூரம். வைணவர்களுக்கு இது கூரத்தாழ்வார் பிறந்த ஊர். வரலாறு படித்தவர்களுக்கு, பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மனின் செப்பேட்டால் தெரிந்த ஊர். இங்கே மால் கிடையாது. பெரிய ஷாப்பிங் என்றால் காஞ்சிபுரம் காந்தி சாலை. மால் பார்க்கணும் என்றால் சென்னைக்கு பஸ் ஏறணும்.

இந்த நிலை எத்தனை நாளைக்கு? ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள். இன்னொரு பக்கம், 2022-ல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத் திட்டம். சென்னையைச் சுற்றிப் புதுநகர் வளர்ச்சித் திட்டம் தயாராகும் ஊர்களில் காஞ்சிபுரமும் ஒன்று. நெடுஞ்சாலை ஓரம் பெரிய மனை, சம்பாதிக்கும் இளைஞர்கள், ஆளுக்கொரு வண்டி... மால் வருவதற்கு வேறென்ன வேண்டும்?

வரட்டும். ஆனால் மால் முதலில் வந்து, நகரத் திட்டம் அதன் பின்னால் ஓடினால் என்ன ஆகும் என்பதைச் சென்னை ஏற்கெனவே அனுபவித்துவிட்டது. காஞ்சிபுரம் அதே தவறைச் செய்ய வேண்டியதில்லை.

மால் ஒரு கட்டடம்தானா?

விதிகளின் கண்ணுக்கு அப்படித்தான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி, ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதை எஃப்.எஸ்.ஐ. எனும் தளப்பரப்புக் குறியீடு முடிவு செய்கிறது. 10,000 சதுர மீட்டர் மனை, எஃப்.எஸ்.ஐ. 2 என்றால், எல்லாத் தளங்களையும் சேர்த்து 20,000 சதுர மீட்டர். சாலை அகலமாக இருந்தால், பணம் கட்டி ‘பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.’ வாங்கி இன்னும் கூட்டிக்கொள்ளலாம். பார்க்கிங் இத்தனை, நாலு பக்கமும் இடைவெளி இத்தனை, தீயணைப்புத் துறை என்.ஓ.சி., போக்குவரத்து போலீஸ் என்.ஓ.சி. என்று பட்டியல் நீளும்.

பட்டியலில் பெரும்பாலானவை காம்பவுண்டு சுவருக்குள் முடிந்துவிடுகின்றன. ஆனால் மால் நடந்துகொள்வது ஒரு குட்டி நகரம் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாசலுக்கு வருகிறார்கள். வெளியே ஆட்டோ, கேப், டெலிவரி பைக், தண்ணீர் லாரி. உள்ளே 20,000 சதுர மீட்டர் கூடியது. வாசலில் இருக்கும் சாலை ஓர் அடிகூடக் கூடவில்லை.

ராயப்பேட்டை ஒயிட்ஸ் சாலையில் 2010-ல் திறந்த எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-ல் வேளச்சேரிக்கு வந்த ஃபீனிக்ஸ், அதே ஆண்டு வடபழனி ஆற்காடு சாலைக்கு வந்த ஃபோரம் விஜயா... மூன்றும் ஏற்கெனவே நெரிசலான சாலைகளில் வந்தவை. வார இறுதி மாலையில் அந்த வழியாகப் போகிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பார்க்கிங் அதிகமானால் சரியாகிவிடுமா? நிறுத்த இடம் உறுதி என்று தெரிந்தால் பஸ்ஸில் வரக்கூடியவரும் காரை எடுப்பார். அடித்தளத்தில் இருக்கும் ஒவ்வொரு பார்க்கிங் இடமும் சாலைக்கு ஒரு காரை அழைத்துவருகிறது.

மால் வேண்டாம் என்பது பதிலா?

இல்லை. மால் இல்லாமலேயே ஒரு கடைத்தெரு மூச்சுமுட்டிப் போகும் என்பதற்கு தி.நகர் சாட்சி. ரங்கநாதன் தெருவிலும் அதைச் சுற்றியும் விதியை மீறி மாடிமேல் மாடியாகக் கடைகள் எழுந்தன. 1998-ல் நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து, கட்டணம் கட்டினால் விதிமீறலை வரன்முறைப்படுத்தலாம் என்று அரசே வழிவிட்டது. கட்டடம் முதலில், சட்டம் பிறகு! 2017 மே 31 அன்று தி.நகரில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்று பற்றி எரிந்தது. தீயணைப்பு வண்டிகள் மணிக்கணக்கில் போராடியும் கட்டடத்தைக் காப்பாற்ற முடியவில்லை; கடைசியில் இடித்தார்கள்.

அந்தத் தெருக்களோடு ஒப்பிட்டால் மாலில் சுத்தமான கழிப்பறை இருக்கிறது, அவசர வழி இருக்கிறது, சக்கர நாற்காலிக்கு லிஃப்ட் இருக்கிறது. பெண்கள் தனியாக உட்கார்ந்து பேச முடிகிறது. நம்ம தெருக்களில் கிடைக்காததைத்தான் மக்கள் மாலில் தேடுகிறார்கள். எல்லாரும் ஏசிக்காக மட்டும் போவதில்லை.

தெருவிலும் இதில் பாதியையாவது கொடுக்க முடியும் என்று காட்டியது பாண்டி பஜார். 2019-ல் அங்கே அகலமான நடைபாதையும் உட்கார இருக்கைகளும் வந்தன. பராமரிப்பில் குறை சொல்லலாம். ஆனால் குடும்பத்தோடு நடக்கிறார்கள், டிக்கெட் இல்லை, ‘என்ன வாங்க வந்தீங்க?’ என்று கேட்க ஆளும் இல்லை.

மாலைக் கண்டுபிடித்தவரே கைவிட்ட கதை

முழுக்க மூடிய, குளிரூட்டப்பட்ட முதல் மால் என்று சொல்லப்படும் சவுத்டேல், 1956-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த விக்டர் க்ரூயன். சுற்றிலும் வீடுகள், பள்ளி, மருத்துவ மையம், பூங்கா என நடந்தே போகக்கூடிய ஊரின் நடுவே கடைத்தெரு இருக்க வேண்டும் என்பது அவரது திட்டம். நடந்தது வேறு. மாலும் அதைச் சுற்றிக் கார் நிறுத்தும் மைதானமும்தான் நாடு முழுக்க நகலெடுக்கப்பட்டன. கடைசிக் காலத்தில் ‘மால்களின் தந்தை’ என்ற பட்டத்தையே அவர் ஏற்க மறுத்தார்.

ஊருக்கு வெளியே மால் வந்தால் ஊர் நடுவே கடைகள் காலியாகும் என்பதைப் பார்த்த பிரிட்டன், 1990-களில் ஒரு விதியை இறுக்கியது. பெரிய கடை கட்டுபவர் முதலில் நகர மையத்தில் இடம் தேட வேண்டும். அங்கே இல்லை என்றால்தான் வெளியே போகலாம்.

காஞ்சிபுரத்துக்கு இது ஏன் முக்கியம்?

இந்த ஊர் தேர் ஓடும் ராஜ வீதிகளைச் சுற்றி வளர்ந்தது. நெசவாளரின் வீடுதான் அவருடைய தறிக்கூடமும். கோயிலுக்கு வருபவர் சேலை வாங்குகிறார், சேலை வாங்க வந்தவர் கோயிலுக்குப் போகிறார். இரண்டும் நடக்கும் தூரத்தில் இருப்பதுதான் ஊரின் வியாபாரம். 2019-ல் அத்திவரதர் தரிசனத்தின் 48 நாட்களில் இந்தத் தெருக்கள் எவ்வளவு தாங்கும், எங்கே திணறும் என்பதும் தெரிந்துபோனது.

நெடுஞ்சாலை ஓரம் ஒரு மால் வந்து, சுற்றுலா பஸ்கள் அங்கேயே நின்றுவிட்டால், ஊருக்குள் நெரிசல் குறையலாம். கூடவே பூக்கடை, இட்லிக்கடை, சின்னச் சேலைக்கடை வியாபாரமும் குறையும். இதை யார் கணக்குப் போடுவது?

மூன்று விஷயங்களை இப்போதே விதியாக்கலாம். முதலாவது, எத்தனை வண்டி வரும், எந்தச் சாலை தாங்கும் என்ற ஆய்வை அனுமதிக்கு முன்பே தமிழில் வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்பது. இரண்டாவது, பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. மூலம் வரும் பணத்தை அதே சாலையின் நடைபாதை, பஸ் நிறுத்தம், வடிகாலுக்குச் செலவிடுவது. மூன்றாவது, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று இப்போதே விதி இருக்கிறது. அந்த இடம் பின்பக்க மூலையில் ஒதுங்காமல், தெருவைப் பார்த்து இருக்க வேண்டும். 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டப்படி வியாபாரிகளுக்கும் அதற்கு அருகே இடம் குறிக்கலாம்.

இது புதுமையான யோசனையும் இல்லை. ஏழாம் நூற்றாண்டின் கூரம் செப்பேட்டில், தானமாகத் தந்த ஊரை 25 பங்காகப் பிரிக்கிறார்கள். 20 பங்கு வேதம் கற்ற அந்தணர்களுக்கு. அது அன்றைய அதிகாரத்தின் கணக்கு, இன்றைக்குப் பொருந்தாது. ஆனால் மிச்சத்தில் ஒரு பங்கு, மண்டபத்தில் தண்ணீருக்கும் நெருப்புக்கும். இன்னொரு பங்கு, அங்கே பாரதம் வாசிக்க. குளத்துக்குத் தண்ணீர் பாலாற்றிலிருந்து கால்வாயில் எப்படி வரும் என்பதும் அதில் இருக்கிறது.

மண்டபம் கட்டினால் போதாது, அங்கே வருகிறவருக்குத் தண்ணீர் யார் தருவது என்பதையும் நிலத்தைப் பிரிக்கும் அன்றே எழுதிவைத்தார்கள். காஞ்சிபுரத்தின் புதுத் திட்டம் இன்னும் முடிவாகவில்லை. பொதுப் பங்கை எழுத இதுதான் நேரம். மால் திறந்த பிறகு எழுத இடம் இருக்காது.