இல்லாத வயிற்றைச் சுமக்கும் முதுகு

ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. அதைவிட ஒரே ஒரு கிலோ குறைவாக என் உடம்பிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். 118 ஆக இருந்தவள், ஆபரேஷன் முடிந்த 14 மாதத்தில் 69. மூட்டை தூக்குகிறவர் அதை இறக்கியதும் முதுகை நிமிர்த்தி 'அப்பாடா' என்பாரே, எனக்கு அந்த 'அப்பாடா'தான் இன்னும் வரவில்லை. மூட்டை இருந்தவரை வராத வலி, இறக்கிய பிறகு வந்து இடுப்பில் குடியேறியிருக்கிறது.

நன்றி கெட்டவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது. குறட்டை நின்றதில் என்னைவிட வீட்டுக்காரருக்கு சந்தோஷம். மலைக்கோட்டையில் தாயுமானவர் சன்னதிக்கே மூச்சு வாங்கியவள், போன தை மாதம் 400 படிக்கு மேல் ஏறி உச்சிப்பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வந்தேன். முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கி வந்து ஆட்டோவில் உட்கார்ந்தபோதுதான் முதுகு பேச ஆரம்பித்தது.

வலியைவிட, வலிக்கிறது என்று சொல்ல முடியாததுதான் பெரிய வலி. "அதான் இவ்ளோ குறைஞ்சிட்டீங்களே அண்ணி, இன்னும் என்ன முதுகு வலி?" என்கிறாள் நாத்தனார். முன்பெல்லாம் தும்மினால்கூட உடம்பைக் குறைக்கச் சொன்னவள். ஊரிலிருந்து வந்த பெரியம்மா வேறு தினுசு. "என்னடி இப்படி வத்தலா போயிட்டே, சுகரா?" குண்டாக இருந்தபோது எல்லா வியாதிக்கும் காரணம் எடை. இளைத்த பிறகு எந்த வியாதிக்கும் எனக்கு உரிமை கிடையாது.

டாக்டர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது! ஆபரேஷன் செய்தவரிடம் சொன்னேன். "அது என் சைடு இல்லைம்மா, ஆர்த்தோவைப் பாருங்க." ஆர்த்தோவிடம் போனேன். ஒன்றரை மணி நேரம் ஸ்டீல் நாற்காலியில் காத்திருந்து உள்ளே போனால், பழைய ஃபைலைப் புரட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "முதல்ல வெயிட்டைக் குறைங்க" என்றார். எழுந்து நின்று ஒரு சுற்று சுற்றிக் காட்டினேன். அப்புறம்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

அவர் எழுதிய சீட்டில் டைக்ளோஃபெனாக் இருந்தது. எனக்குச் செய்தது கேஸ்ட்ரிக் பைபாஸ். இரைப்பையின் மேல்பக்கத்தில் முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதை நேரே சிறுகுடலோடு தைத்திருக்கிறார்கள். அந்தத் தையல் இடத்தில் புண் வரும் என்பதால் இந்த வகை வலி மாத்திரைகள் கூடவே கூடாது என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மருந்துக்கடைப் பையனிடம் சொன்னால், "அப்ப ஊசியா போட்டுக்கங்கக்கா, வயித்துக்கே போகாது" என்கிறான். எந்த வழியாகப் போனாலும் மருந்து ரத்தத்தில் கலந்துதான் வேலை செய்யும், வயிற்றின் காப்பையும் குறைக்கும் என்று அவனுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் பாராசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும்தான் கதி.

பைபாஸ் என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் வராமல் வெளியோடு போய்விடும் பஸ் மாதிரி, சாப்பாடு இப்போது சிறுகுடலின் முதல் பகுதிக்குள் நுழைவதே இல்லை. சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் பெரும்பாலும் இறங்குகிற ஸ்டாப்பே அதுதான். அதனால் ஆயுசுக்கும் மாத்திரை. அதிலும் கால்சியம் சிட்ரேட்தான் வேண்டும், மற்றது கரைய நிறைய அமிலம் வேண்டுமாம், என் குட்டிப் பையில் அது கிடையாது. கால்சியமும் இரும்பு மாத்திரையும் ஒன்றாகப் போனால் சண்டை, இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி. வைட்டமின் டி தனி. இந்த வெயிலில் வெந்துகொண்டே வைட்டமின் டி குறைவு என்று ரிப்போர்ட் வாங்குவதற்கும் ஒரு ஜாதகம் வேண்டும்.

சங்கதியை உள்ளபடி சொன்னது ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். சுவரோரம் பக்கவாட்டில் நிற்கவைத்து செல்போனில் படம் எடுத்துக் காட்டினாள். பார்த்துத் திடுக்கிட்டேன். பின்பக்கமாகச் சாய்ந்து, இடுப்பை உள்ளே வளைத்து, நிறைமாதக்காரி மாதிரி நிற்கிறேன். வயிறு மட்டும் இல்லை. "இருபது வருஷமா முன்னாடி இருந்த பாரத்துக்கு ஈடா முதுகு பின்னாடி இழுத்துப் பிடிச்சே பழகிடுச்சு ஆன்ட்டி. பாரம் போனது அதுக்குத் தெரியல." வருஷக்கணக்கில் இடுப்பில் குடம் சுமந்தவர்கள் குடம் இல்லாமலும் ஒரு பக்கம் ஒடித்து நடப்பார்களே, அந்தக் கதை.

அதோடு நின்றதா? வேகமாக இளைக்கும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் சேர்ந்தே கரைகிறது. முதுகெலும்பைத் தாங்க வேண்டிய தசைகளும் அதில் போயிருக்கின்றன. அதைத் திரும்ப வளர்க்க நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். பத்து முட்டைக்கு எங்கே போவேன்? ஒன்றரை இட்லியில் வயிறு கதவைச் சாத்திவிடுகிறது. அதற்குமேல் ஒரு வாய் வைத்தால் நெஞ்சில் கல். டப்பா பவுடரைக் கலக்கி, வெண்ணிலா வாசனையோடு சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருப்பதை மருந்தாக விழுங்குகிறேன். அன்றைக்குச் சாப்பிட முடிந்ததால் சாப்பிடாதே என்றார்கள். இன்றைக்கு முடியாதபோது சாப்பிடு என்கிறார்கள்.

உட்காருவது இன்னொரு கொடுமை. சொந்தக் குஷன் போய்விட்டது. வால் எலும்பு நேராகப் பலகையில் படுகிறது. டவுன் பஸ்ஸில் ஒவ்வொரு வேகத்தடையையும் தனித்தனியாக எண்ணிச் சொல்வேன். ஆபீஸில் என் நாற்காலியில் நடுவில் பள்ளம் வைத்த தலையணை இருக்கிறது. வருகிற போகிறவர்கள் 'மூலமா?' என்று கண்ணாலேயே விசாரிக்கிறார்கள்.

தோலைப் பற்றிச் சொன்னால் எழுத்தே கூசும். காலியான கோணிப்பை மாதிரி அடிவயிற்றில் மடிந்து தொங்குகிறது. கொசுவத்துக்குள் திணித்துப் பின் குத்தினால்தான் புடவை நிற்கும். அந்த மடிப்பும் முதுகை முன்னால் இழுக்கிறது, வேர்வையில் புண்ணாகிறது. எடுத்துவிடலாம் என்றால் இன்சூரன்ஸ் அதை 'அழகு சிகிச்சை' என்கிறது. முதல் ஆபரேஷனுக்குப் பி.எம்.ஐ. 40 இருக்கிறதா, 35 என்றால் கூடவே கடுமையான சர்க்கரை, இதயக்கோளாறு உண்டா என்று கணக்குப் பார்த்துப் பணம் கட்டியவர்கள்தான். மூட்டைச் சரக்கு வியாதியாம், சாக்கு மட்டும் அழகுக் குறிப்பாம். ஐம்பது வயதில், புடவைக்குள் இருப்பதை யாரிடம் காட்டி அழகுப் போட்டியில் ஜெயிக்கப் போகிறேனோ!

பிசியோ பெண் சொன்ன பயிற்சிகளைச் செய்கிறேன். மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கிப் பத்து எண்ண வேண்டும். ஏழில் நடுங்குகிறது. மூன்று மாதமாவது ஆகுமாம். நேற்று அந்தப் பாயில் கிடக்கும்போதுதான் எதிர்வீட்டு அக்கா வந்தார். நல்ல கனம், அக்கா தங்கை என்று சொல்லலாம் போல அந்தக் காலத்து என் சாயல். பாயைச் சுற்றி வந்து, சோபாவில் பொத்தென்று உட்கார்ந்து சொன்னார்: "எனக்கு ஒரே முதுகு வலிடி. உடம்பைக் குறைச்சா சரியாயிடும்னு டாக்டர் சொல்றார். நீ பார்த்த டாக்டர் நம்பரைக் கொடேன்."

பலருக்கு நிஜமாகவே சரியாகிவிடுகிறது, அதையும் அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். என் முதுகை வைத்து இவரைப் பயமுறுத்துவது நியாயமில்லை. நம்பரை எழுதிக் கொடுத்தேன். அதற்குக் கீழே பிசியோ பெண்ணின் நம்பர். அதற்கும் கீழே, தலையணை வாங்கிய கடை.