பந்தயத்தில் வைக்கப்பட்டவளின் கேள்வி



2003-இல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் இறுதிச் சுற்றில் வந்த ஒரு கையைப் பற்றிச் சீட்டாட்டக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். கணக்கராக வேலை பார்த்துவந்த கிறிஸ் மணிமேக்கர் கையில் ஒரு ஜோடிகூடச் சேரவில்லை; எதிரே இருந்த சாம் ஃபர்ஹாவிடம் ஒன்பதில் ஜோடி. மணிமேக்கர் முகத்தில் எதையும் காட்டாமல் மொத்தத்தையும் பந்தயத்தில் வைத்தார். ஃபர்ஹா வெகுநேரம் யோசித்துவிட்டு, ஜெயித்திருக்க வேண்டிய சீட்டைக் கீழே போட்டார். கடைசியில் 25 லட்சம் டாலர் மணிமேக்கருக்குப் போனது. மேசையில் மறைந்திருந்த சீட்டுகளைக் கேமரா காட்டிவிட்டதால், வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு இருவர் கையும் தெரியும். ஏமாறப்போவது யார் என்று தெரிந்துகொண்டே பார்ப்பதில்தான் அந்தப் பதைபதைப்பு இருக்கிறது.

தருமபுரிப் பக்கத்து ஊர்களில் இந்தப் பதைபதைப்பை விடிய விடிய அனுபவித்தவர்கள் உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்து, பகலில் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நடக்கும் நாள்களில், ‘சூது துகில்’ இரவுக்குக் கூட்டம் தனி. சகுனியின் காய் என்ன செய்யும் என்று மடியில் தூங்கும் பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சகுனி உள்ளங்கையில் காயை உருட்டும்போது ஆர்மோனியம் தணிந்து, தாளம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்க, சனம் மூச்சு விடாது. செல்வம் போகிறது, நாடு போகிறது, தம்பிமார் ஒவ்வொருவராகப் போகிறார்கள். தருமர் வேடக்காரர் ஒவ்வொரு தோல்விக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் இறங்கி, தன்னையே வைக்கும் இடத்தில் ஏறக்குறைய முணுமுணுப்புக்கு வந்துவிடுவார். நல்ல நடிப்பு என்றால் என்ன என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் இந்த இடத்தைத்தான் சொல்வேன்.

ஆனால் போக்கர் மேசைக்கு இல்லாத ஒன்று கூத்துக்கு இருக்கிறது. அங்கே கதை ஆடுபவர்களோடு முடிந்துவிடும். இங்கே பந்தயத்தில் வைக்கப்பட்ட திரௌபதி சபைக்கு வந்து வாய் திறக்கிறாள். தன்னைத் தோற்றபின் என்னை வைத்தாரா, என்னை வைத்தபின் தன்னைத் தோற்றாரா? அந்தச் சபையில் இருந்த பீஷ்மரே அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. துகிலுரியும் கட்டத்துக்கு முன்னால் துச்சாதனன் வேடம் கட்டியவரே திரௌபதிக்குக் கற்பூரம் காட்டிக் கும்பிடும் வழக்கம் உண்டு. வேடமானாலும் அந்தக் காரியத்தைச் சும்மா செய்துவிட முடியாது என்ற அச்சம் அது. அப்போது பாட்டிமார்கள் எழுந்து கைகூப்புவார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. இணையவழி ரம்மிக்கும் போக்கருக்கும் தமிழ்நாடு 2022-இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அந்த இரண்டுக்கும் அது பொருந்தாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே நாடாளுமன்றம் தடைசெய்தது. அந்த உயர் நீதிமன்ற வழக்கில், ஆட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்பதைச் சுற்றியே பெரிதும் வாதம் நடந்தது. முக்கியமான கேள்விதான். ஆனால் ராத்திரி போர்வைக்குள் கைப்பேசியில் ஒருவன் வைத்து ஆடிய பணம் மனைவியின் நகை, மகளின் கல்லூரிக் கட்டணம். அவர்களை யாரும் சபைக்குக் கூப்பிடவில்லை. அவர்கள் குரலை நம் பத்திரிகை கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். பெயர் வெளியிட மாட்டோம், எழுதுங்கள்.

கூடவே இன்னொன்று. உங்கள் ஊரில் இந்த ஆண்டு பாரதம் வைக்கிறார்களா? எந்தக் கூத்துக் குழு, சூது துகில் எந்த இரவு என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வந்த விவரங்களையெல்லாம் சேர்த்துப் பங்குனி இதழில் வெளியிடுகிறோம். பக்கத்து ஊர்க்காரர்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்